அந்தப் பெட்டி வேணுமா என்று கேட்டார்கள்

பணி ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள், சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கு ஹெட்போன் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, கடைசி நாளிலும் அதையே பொட்டலம் கட்டிக் கொடுத்த புண்ணியவான்களை என்னவென்று சொல்வது! சரி, எங்கள் கம்பெனி செய்வதிலேயே விலை உயர்ந்த ரகம். வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டேன்.

வம்பு அதோடு தீரவில்லை. பர்ச்சேஸில் இருக்கும் தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்தார். "வசந்தாக்கா, போறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. இந்த மாரி விலை ஒசந்த ஹெட்போனுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர், தனியா டி.ஏ.சி.ன்னு பெட்டி வாங்கி வைக்கணுமா? இல்ல போன்லயே சொருவிக் கேட்டா போதுமா?"

பந்தலில் ஒரே சிரிப்பு. எங்கள் கம்பெனி ஹெட்போனும் செய்கிறது, அந்தப் பெட்டியும் செய்கிறது. மேடையில் என் பக்கத்தில் விற்பனைப் பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். வேணும் என்றாலும் மாட்டினேன், வேணாம் என்றாலும் மாட்டினேன். "சாப்பாடு ஆறிப் போவுது, வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தத் தம்பியும் விடவில்லை. வாட்ஸாப்பில் தினமும் காலை வணக்கத்தோடு சேர்த்து அதே கேள்வியை அனுப்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்திருந்தால் மைக்கிலேயே சொல்லியிருக்க மாட்டேனா? உட்கார்ந்து படிக்கிற பொறுமை இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில், அது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். போனில் இருக்கும் பாட்டு உண்மையில் வெறும் எண்கள். அந்த எண்களை மின்சார அலையாக மாற்றுகிற பாகத்துக்கு டி.ஏ.சி. என்று பெயர். நாங்கள் கன்வெர்ட்டர் என்போம். அந்த அலைக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனுக்குள் தள்ளுவது ஆம்ப்ளிஃபயர். இரண்டுமே போனுக்குள் சின்னதாக ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றையே பெரிதாக, தனியாகச் செய்து வெளியே வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்குமா என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஊர் பாகூர்ப் பக்கம். வீட்டில் நெல்லும் கரும்பும். நடவுக்குப் போகாமல் நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருந்த இந்தக் கம்பெனிக்கு வந்தேன். சால்டரிங், ஸ்க்ரூ முடுக்குவது, டப்பாவில் அடுக்குவது என்று சில வருஷம் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை சுட்டது, பழகியது.

பிறகு ஞானசேகரன் சார் தர மேலாளராக வந்தார். பாண்டி டவுன்காரர், இன்ஜினியர், எப்போதும் இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. வந்த வாரமே லைனில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தியாகக் காதைச் சோதித்து ஆறு பேரைத் தனியே எடுத்தார். கேட்பதுதான் எங்கள் வேலை. லைனில் இருந்து வருகிற ஹெட்போனை மாட்டிப் பார்த்து, போகலாம், போகக் கூடாது என்று பிரிக்க வேண்டும். மற்றவர்கள் எங்களை 'காதுக்காரிங்க' என்பார்கள். கிண்டல்தான், ஆனாலும் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.

சாரிடம் சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லை. ஹெட்போனை எங்கள் கையில் கொடுப்பதற்கு முன் ஈரத்துணியால் அவரே துடைப்பார். அப்புறம் ஒரே கேள்வி: "இன்னா கேட்டுச்சு?" முதல் நாள் நான், "நல்லாருக்கு சார்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஓட்டலுக்குப் போம்மா. இங்க இன்னா கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லு." எங்கள் அறையில் 'நல்லா' என்ற சொல்லுக்கே தடை. சினிமாப் பாட்டுக்கும் தடை. பாட்டுப் போட்டால் பாட்டைத்தான் கேட்பீர்கள், சத்தத்தைக் கேட்க மாட்டீர்கள் என்பார். அவரே பதிவு செய்து வைத்திருந்த சத்தங்கள்தான் ஓடும். கடுகு வெடிப்பது, முறத்தில் அரிசி புடைப்பது, கோயிலில் பம்பை அடிப்பது. வேலைக்கு வந்து கடுகு தாளிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி கடுகு தாளிப்போம். என்ன பிழைப்புடா இது என்று பல நாள் சிரித்திருக்கிறோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. அதை அவர் மீறி நான் பார்த்ததில்லை. இரண்டு பொருளை ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குவார். ஒரே மாதிரியான ஒரு 'பீ...' ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் கம்பியில் மீட்டரை வைத்து, முள் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிற வரைக்கும் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். எங்களுக்குத் தூக்கமே வந்துவிடும். ஒரு நாள் கேட்டேன், "இத்தினியூண்டு வித்தியாசத்துக்கு இன்னா சார் இவ்ளோ பாடு?"

"இத்தினியூண்டுதான் ஆபத்து. ரொம்ப ஏறிச்சுன்னா சத்தம் ஏறிப் போச்சுன்னு காதுக்குத் தெரிஞ்சிரும். கொஞ்சூண்டு ஏறிச்சுன்னா தெரியாது. தெளிவா இருக்கு, இனிமையா இருக்குன்னு சொல்லும். காதோட திருட்டுத்தனம் அது."

மல்லிகாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆறு பேரில் அவளும் ஒருத்தி, என் சிநேகிதி. பிள்ளைச்சாவடிக் கடற்கரைப் பெண். அம்மா மீன் கூடை தூக்கி வளர்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பேச்சு குறைவு. கேட்டால் கேட்டது என்பாள், இல்லை என்றால் இல்லை. அவளோடு பேசிக்கொண்டே போனால் சில நேரம் சுவரில் முட்டியது மாதிரி இருக்கும்.

அவளை சார் கவனிக்க ஆரம்பித்தது ஒரு கூத்தால். ஒரு முறை லைனில் இருந்து வந்த ஹெட்போன்களில் 'சரக் சரக்' என்று ஒரு சத்தம். நாங்கள் ஐந்து பேரும் ஒன்று விடாமல் கழித்துத் தள்ளுகிறோம். லைன் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்கிறார், சால்டரிங்கைப் பிரித்து மறுபடி வைக்கிறார்கள், கம்பியை மாற்றுகிறார்கள், சத்தம் போகவில்லை. மல்லிகா மேஜையில் மட்டும் எல்லாமே பாஸ்! அவள் தூங்குகிறாள் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். சார் வந்து, மல்லிகா பாஸ் செய்ததை என் தலையில் மாட்டினார். சரக் சரக். நான் கழித்ததை அவள் தலையில் மாட்டினார். "ஒண்ணும் இல்ல சார்." என்னை அசையாமல் உட்காரச் சொன்னார், சத்தம் நின்றது. மூச்சு விட்டேன், சரக். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று முகம் சிவந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தப்பா நெனைக்காதம்மா. கழுத்துல கெடக்கறத எடுத்து உள்ள போட்டுக்கினு ஒரு தபா கேளு."

போட்டுக்கொண்டேன். சத்தம் போயே போச்சு. மூச்சு விடும்போது தாலிச் சங்கிலியில் ஹெட்போன் கம்பி உரசுகிறது, அந்த உரசல் கம்பி வழியாகவே ஏறிக் காதுக்கு வருகிறது. ஐந்து சுமங்கலிகளும் சேர்ந்து நல்ல சரக்கையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறோம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கேன்டீன்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மல்லிகா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "தாலி கட்டாததுக்கு இன்னிக்கித்தான்டி ஒரு மரியாத கெடச்சுது."

இனி பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், போனிலேயே ஹெட்போன் சொருகுகிற ஓட்டை இருந்த காலம். பெங்களூரில் ஒரு கம்பெனி, எங்கள் ஹெட்போனோடு சேர்த்து விற்க ஒரு பெட்டியை எங்களிடம் செய்து வாங்கலாம் என்று வந்தது. ஆம்ப்ளிஃபயரும் கன்வெர்ட்டரும் ஒன்றாக வைத்த பெட்டி, பார்க்கக் கல்கண்டு டப்பா மாதிரி அழகாக இருந்தது. போனில் நேராகக் கேட்பதற்கும் பெட்டி வழியாகக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் காதுக்காரிகள் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து சார் லீவில் இருந்தார், மகள் கல்யாணம். பெங்களூரில் இருந்து வந்த பையன் பெட்டியை மேஜையில் வைத்தான். ஃபேக்டரி மேனேஜர் பக்கத்தில் நின்றார். மீட்டரும் இல்லை, கடுகும் இல்லை. நல்ல மெலடியாக ஒரு பாட்டு ஓடியது. "இது போன்ல நேரா" என்று சொல்லிப் போட்டான். "இப்ப பெட்டி வழியா" என்று சொல்லி மாற்றினான்.

அடடா! பாடுகிறவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. பின்னால் வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம் என்று விலகி நின்றன. சத்தியமாகக் கேட்டது, இன்றைக்கும் கற்பூரம் அணைப்பேன். ஐந்து பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். எல்லார் முகமும் மலர்ந்து கிடந்தது. ஐந்து பேரும் ஒரே மாதிரி சொன்னோம். கடைசியாக மல்லிகா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

பையன் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டான். மறுபடியும் கேட்டாள். "எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது."

மேனேஜர் கெட்டவர் இல்லை. வெளியூர்க்காரர், அவசரக்காரர், அவ்வளவுதான். ஐந்து பேருக்குக் கேட்பது ஒருத்திக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும் என்று அவர் யோசித்ததில் என்ன தப்பு? "காது டெஸ்ட் எடுக்கும் வரை இவங்க பேக்கிங்ல இருக்கட்டும். டெஸ்ட்டில் தேறினால் திரும்ப வரலாம்" என்றார். பேக்கிங் என்றால் கான்ட்ராக்ட். இன்றைக்கு வா என்பார்கள், அடுத்த மாதம் வேண்டாம் என்பார்கள். மல்லிகாவின் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, கூடை தூக்குவதை நிறுத்தியாயிற்று. அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. காதுக்காரி வேலை போனால் அவளுக்கு எல்லாமே போனது மாதிரிதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேனேஜர் மேல் இல்லை, அவள் மேல். சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் ஷெட்டுக்கே போனேன்.

"ஏன்டி, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதா? கேட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே? எங்க அஞ்சு பேரோட நீயும் தலைய ஆட்டிட்டா கொறஞ்சா பூடுவ?"

"கேக்கலியே."

"எங்க எல்லாருக்கும் கேட்டுச்சே!"

அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "சின்ன வயசுல எடது காதுல சீழு வெச்சுகினே இருந்துச்சு வசந்தா. இப்ப கொஞ்ச நாளா அரிசி பொடைக்கற சத்தம் அந்தக் காதுல வரவே மாட்டேங்குது. வலது காத வெச்சித்தான் சமாளிச்சுகினு இருக்கறேன். நீ யாருகிட்டயும் சொல்லிராத."

கம்பெனி வேனில் அவள் ஏன் எப்போதும் இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடிக்கிறாள், நான் ஏன் எப்போதும் அவளுக்கு வலப்பக்கமே உட்காருகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் மேனேஜர் சொன்னதுதான் சரியா? காது போனதால்தான் வித்தியாசம் தெரியவில்லையா? நான் அப்படித்தான் நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சார் லீவு முடிந்து வந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்: "சத்தத்த சமமாக்கினாங்களா?" இல்லை என்றேன். மீட்டரை எடுத்து வைத்தார். போனில் ஒரு இடத்தில் நின்ற முள், பெட்டியில் கொஞ்சம், கொஞ்சூண்டு, தள்ளி நின்றது. ஸ்டோரில் இருந்து பழைய பச்சைத் திரை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மேஜைக்கு முன்னால் கட்டினார். மேனேஜரையும் கூப்பிட்டு எங்களோடு உட்கார வைத்தார்.

"இப்ப மொதல்ல ஒண்ணு. அப்புறம் ரெண்டாவது" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். எங்களுக்காக அன்றைக்கு அதே மெலடிப் பாட்டையே போட்டார். முதல் தடவை கேட்டோம். 'டக்' என்று ஸ்விட்ச் போடுகிற சத்தம். இரண்டாம் தடவை கேட்டோம். எனக்கு மறுபடியும் பாடகியின் மூச்சு கேட்டது, புல்லாங்குழல் விலகி நின்றது. இரண்டாவதுதான் பெட்டி என்று ஐந்து பேரும் சொன்னோம். மேனேஜர், "விரிஞ்சு கேக்குது சார், சந்தேகமே இல்லை" என்றார். மல்லிகாவையும் பேக்கிங்கில் இருந்து வரவழைத்திருந்தார் சார். அவள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

சார் திரையை விலக்கினார். பெட்டிக்குக் கரன்ட்டே கொடுக்கவில்லை. அதன் ஒயர் தனியாகச் சுருட்டிக் கிடந்தது. இரண்டு தடவையும் போன்தான். 'டக்' என்றது எங்கேயும் இணைக்காத வெறும் ஸ்விட்ச்.

எனக்கு முகம் செத்துப் போனது. நான் பொய் சொல்லவில்லையே! கேட்டதைத்தான் சொன்னேன். கேட்டதே பொய் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மேனேஜர் அந்த ஸ்விட்சை டக் டக்கென்று தட்டிப் பார்த்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார். அதற்கு ஒரு மனசு வேண்டும், அவரிடம் இருந்தது. அப்புறம் சார் பெட்டியை நிஜமாகவே இணைத்து, சத்தத்தைச் சமமாக்கி, எது எப்போது ஓடுகிறது என்று சொல்லாமல் நாள் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டார். எங்கள் பதில்களைப் பார்த்தால் பூவா தலையா போட்ட மாதிரி இருந்தது. அந்த ஹெட்போனுக்குப் போனே போதுமாக இருந்தது.

அப்படியானால் பெட்டி ஏமாற்றா? அதுவும் இல்லை. மறுநாள் சார் வேறொரு ஹெட்போனைக் கொண்டுவந்தார். ஸ்டுடியோக்காரர்களுக்கென்று செய்கிற ரகம், மின்சாரத்துக்கு லேசில் இடம் கொடுக்காது, அசைக்க நிறையத் தெம்பு வேண்டும். அதைப் போனில் சொருகிப் பம்பையைப் போட்டார். சத்தத்தை முழுசாக ஏற்றியும், பக்கத்துத் தெருவில் எங்கேயோ அடிப்பது மாதிரிச் சன்னமாகக் கேட்டது. அடி விழுகிற இடத்தில் எழும்பவே இல்லை. பெட்டியில் சொருகினார். அம்மாடி! பம்பை நெஞ்சில் வந்து விழுந்தது. அன்றைக்கு ஆறு பேரும் திரை இருந்தும் ஒரே பதில் சொன்னோம், மல்லிகாவும்தான். பிறகு காதுக்குள் அடைக்கிற சின்ன இயர்போனை அதே பெட்டியில் சொருகினார். பம்பைக்குப் பின்னால் 'உஸ்' என்று ஒரு இரைச்சல், போனில் இல்லாத இரைச்சல்.

ஆக, பர்ச்சேஸ் தம்பி, உங்களுக்கு என் பதில் இதுதான். விலையைப் பார்க்காதீர்கள், ஹெட்போன் எவ்வளவு தெம்பு கேட்கிறது என்று பாருங்கள். உங்கள் போனில் சொருகி, சத்தத்தைப் பாதி ஏற்றியதுமே போதும் போதும் என்று ஆகிவிட்டால் பெட்டி வேண்டியதில்லை. முழுசாக ஏற்றியும் மூச்சு வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கன்வெர்ட்டர், உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ இரைச்சல் வந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் இருப்பதே போதும். ஓட்டையே இல்லாத இப்போதைய போனுக்கு விரல் நீளத்தில் ஒரு ஒயர் விற்கிறதே, அதற்குள்ளேயே கன்வெர்ட்டரும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தால், சத்தத்தைச் சமமாக்கி, இன்னொருவரை விட்டு மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இதையேதான் எங்கள் அறிக்கையிலும் எழுதினோம். பெங்களூர்க்காரர்கள் ஸ்டுடியோ ரக ஹெட்போனோடு சேர்த்து விற்க மட்டும் பெட்டி செய்யச் சொன்னார்கள். அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது.

ஆனால் மல்லிகா விஷயம் அதோடு முடியவில்லை. "அவங்க சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காது சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லையே. டெஸ்ட் எடுப்போம், தேறினால் இன்றைக்கே திரும்பட்டும்" என்றார் மேனேஜர். நியாயம்தான். ஆனால் அவள் இடது காது விஷயம் எனக்குத் தெரியுமே.

காது சோதிக்கிற அம்மா ஒருவர் மெஷினோடு வந்தார். கண்ணாடி வைத்த எங்கள் அறையிலேயே சோதனை. மெஷின் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். மெல்லிய ஒலி வரும், கேட்டால் அழுத்த வேண்டும். நடுநடுவே வேண்டுமென்றே ஒன்றும் போடாமல் விடுவார்கள், சும்மா அழுத்துகிறார்களா என்று பார்க்க. மல்லிகா பட்டனைக் கை மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்துத் துணைக்கு ஒருத்தி உட்காரட்டும் என்றார் அந்த அம்மா. நான் உட்கார்ந்தேன். சார் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

மல்லிகாவுக்கு மெஷின் தெரியக் கூடாது என்பதால் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவள் முகம் என்னைப் பார்த்து இருந்தது. அந்த அம்மா குனிந்து குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினில் ஒலி போகும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அது எனக்குத் தெரிந்தது.

வலது காது முடிந்தது, குறையே இல்லை. இடது காது. கனத்த ஒலிகளுக்குக் கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது. ஒலி மெலிந்து கீச்சென்று மேலே ஏற ஏற, விளக்கு எரிகிறது, விரல் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை விளக்கு எரிந்ததும் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அழுத்துடி! நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், சிநேகிதியின் சோற்றில் மண் விழுகிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. மல்லிகா என் புருவத்தைப் பார்த்தாள். கட்டைவிரல் பட்டன் மேல் லேசாக அசைந்தது.

உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது. நான் புருவத்தைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஒன்றும் போடாமல் விட்ட இடத்திலும் அழுத்தவில்லை, ஒலி போன இடத்திலும் அழுத்தவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வெளியே சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவு எதிர்பார்த்ததுதான். இடது காதில் மேல் ஒலிகள் இல்லை. காதுக்காரிக்கு இரண்டு காதும் வேண்டும் என்பது சாரே போட்ட விதி. அதை அவர் தளர்த்தவில்லை, தளர்த்தச் சொல்லி மல்லிகாவும் கேட்கவில்லை. ஆனால் சார் மேனேஜரிடம் ஒன்று கேட்டார்.

"திரைக்குப் பின்னால ஒயர் மாத்தறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும் சார். இத்தினி நாளும் நானே மாத்தினேன். எனக்கு இன்ன பதில் வந்தா தேவலன்னு மனசுல ஒண்ணு இருக்கும். அது கையில தெரிஞ்சிரும். இந்தப் பொண்ணு கையில தெரியாது."

"பர்மனென்ட்டாகவா கேட்கிறீர்கள்?"

"பர்மனென்ட்டாத்தான்."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார், மல்லிகா முகத்தைப் பார்த்தார், சரி என்றார். என்னைவிட அவள் வயதில் சின்னவள். இன்றும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கேட் எதிரில் டீக்கடையில் வேனுக்காக நின்றோம். வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

"நான்தான் புருவத்த தூக்கித் தூக்கிக் காட்டிகினு இருந்தேனேடி. பாத்து அழுத்தித் தொலச்சிருந்தா காதுக்காரியாவே இருந்திருப்ப இல்ல? அப்பிடி இன்னா ரோஷம் உனக்கு?"

"ரோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ புருவத்த தூக்கினியே, அப்ப எனக்குக் கேட்டுச்சுடி."

"இன்னா கேட்டுச்சு?"

"அந்த ஒலிதான். கீச்சுன்னு, எடது காதுலயே, நெசமாவே கேட்டுச்சு. அழுத்தக்கூடப் போயிட்டேன். அந்தக் காதுல அது வராதுன்னு எனக்குத் தெரியும் வசந்தா. உன் மூஞ்சியப் பாத்து வந்துச்சு. பயந்துபோய்க் கண்ண மூடிகினேன்."

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இருக்கறதே ஒண்ணரைக் காது. அதுலயும் நீங்கெல்லாம் பூந்துகினு கேக்க ஆரம்பிச்சீங்கன்னா, எனக்குன்னு இன்னாடி கேக்கும்?"